என் வண்டியின் கியர்பாக்ஸைக் கெடுத்தவள்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, தபால் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சிக்னலில், என் வண்டி நகர மறுத்துவிட்டது. என்ஜின் ஓடுகிறது. ஓடுகிறது என்ன, தொண்டை கிழியக் கத்துகிறது. முதல் கியரும் போட்டாயிற்று. வண்டி மட்டும் எனக்கென்ன என்று நிற்கிறது. பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஓட்டிக்கொண்டிருந்தவள் என் நாத்தனார். பக்கத்து சீட்டில் இருந்தவள் நான்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. சொந்தப் பள்ளி, ஒரே வண்டி, ஒரே டீச்சர். பக்கத்து சீட்டின் கால்மாட்டிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் சொதப்பினால் நான் மிதிப்பதற்கு. மாணவர்கள் எனக்கு மிளகாய் டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம்.

நாத்தனார் நர்ஸ். ஒன்பது வருஷமாக ஆஸ்பத்திரி வார்டில் வேலை. மணி அடித்தால் ஓடுவது, அடுத்த மணி அடித்தால் அங்கே ஓடுவது, இதுவே வாழ்க்கையாகப் போயிற்று, ஒரு நோயாளியிடமாவது உட்கார்ந்து நாலு வார்த்தை பேச முடியவில்லை என்று புலம்பிக்கொண்டே இருப்பாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் பிரிவு ஒன்றை அவர்கள் ஆஸ்பத்திரியில் புதிதாக ஆரம்பித்தார்கள். இவளுக்கு இடமும் கிடைத்துவிட்டது. ஒரே நிபந்தனை, மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும். அவளோ டெஸ்டில் மூன்று முறை ஃபெயில். மூன்று முறையும் ஏற்றத்தில் வண்டி ஆஃப் ஆகி நின்றுவிட்டது. என்னோடு ஓட்டும்போது ஒருநாள்கூட ஆஃப் ஆனதில்லை. எல்லாம் டெஸ்ட் பயம் என்று நானே வைத்தியம் சொல்லிவைத்திருந்தேன்.

நான்காவது டெஸ்ட் வெள்ளிக்கிழமை. அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி அடுத்த மாதம்தான். அதற்குள் அந்த வேலை வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். டெஸ்டுக்கு இரட்டைப் பெடல் வைத்த வண்டிதான் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அப்படிப்பட்ட இன்னொரு வண்டி என் போட்டிக்காரருடையது. வெட்கத்தை விட்டு அவரிடமும் கேட்டேன். வெள்ளிக்கிழமை முழுக்க ஆள் இருக்கிறது என்றார், சிரித்துக்கொண்டே.

அதெல்லாம் பிறகு. சிக்னலில் நான் செய்த முதல் காரியம், நாத்தனாரைப் பிடித்து உலுக்கியதுதான். கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஊர்வலம் போகாதே என்று எத்தனை முறை சொல்வது, கடைசியில் என் கியர்பாக்ஸையே தின்றுவிட்டாயே என்று நடுரோட்டில் வைத்துக் கேட்டேன். அவள் இறங்கி, பஸ்காரரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டு, வண்டியை ஓரமாகத் தள்ளினாள். எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், மூளை சாவகாசமாகப் பின்னால் வரும். அன்றைக்கு மூளை இரண்டு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது.

அரை மணி நேரம் ஆறவிட்டதில் வண்டி கொஞ்சம் ஊர்ந்தது. அப்படியே ஊர்ந்து முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, காபி இயந்திரம், பல் மருத்துவரிடம் வந்துவிட்டோமோ என்று தோன்றும்படி ஒரு வெள்ளைத் தரை. டை கட்டிய இளைஞர் ஒருவர் முதலில் கேட்டது, சார் வரவில்லையா என்பது. எந்த சார் என்று நான் கேட்டதில் கொஞ்சம் ஆடிப்போனார். வண்டிக்குள் ஏதோ ஒரு கருவியைச் செருகினார், திரையைப் பார்த்து உச்சுக்கொட்டினார், கியர்பாக்ஸ் மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார். எங்கே காட்டுங்கள் என்றேன். திரையில் ஒரு கியர்பாக்ஸ் படத்தைக் காட்டினார். அது என் கியர்பாக்ஸ் இல்லை, யார் வீட்டு கியர்பாக்ஸோ. வண்டியைக் கழட்டும்போது கூட இருந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, வாடிக்கையாளர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்றார்.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. மாணவர்களுக்கு மதிப்பெண் போட நான் வைத்திருக்கும் தாளில் கண்ணாடி பார்த்தல், சிக்னல் கொடுத்தல், பொறுமை என்று கட்டம் கட்டமாக இருக்கும். எரிச்சல் வந்தால் அந்தத் தாளில் யாருக்கு வேண்டுமானாலும் மதிப்பெண் போட்டுவிடுவேன். என் பல் மருத்துவர் அதில் ஃபெயில். டை கட்டிய அந்த இளைஞருக்கு, முன்னால் பார்த்தல் பூஜ்யம், பின்னால் பார்த்தல் பூஜ்யம், வாய்ச்சொல் மட்டும் பத்துக்குப் பத்து என்று போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டே என் பின்னால் வந்தாள்.

வீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவில் புகைச்சல் வந்தால் என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜைத் துடைக்கப் போய்விடுவார். அன்று சாயங்காலம் எங்கள் ஃபிரிட்ஜ் பளபளவென்று இருந்தது. தலையை உள்ளே விட்டபடியே, நம்ம பெரியப்பா பையன் ஒர்க்‌ஷாப் இருக்கும்போது வெளியாளிடம் ஏன் போகிறீர்கள் என்றார். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அண்ணன் ஒருவரிடம் விசாரிக்கட்டுமா என்று நாத்தனார் மெல்லிய குரலில் கேட்டாள். வண்டியைக் கெடுத்தவள் யோசனை வேறு சொல்ல வேண்டுமா என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பெரியப்பா பையன் கடை. என் ஒன்றுவிட்ட கொழுந்தனார் நல்ல மனுஷர்தான், அதில் குறை சொல்ல முடியாது. வாங்க வாங்க என்று வாய் நிறையக் கூப்பிட்டார், குழந்தைகளை விசாரித்தார், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். என்ன கோளாறு என்றேன். கியர்பாக்ஸ்தான், வேறென்ன என்றார், வண்டியின் பக்கம் திரும்பாமலே. எப்போது கிடைக்கும் என்றேன். சொந்தக்காரங்களுக்குள்ள தேதி எல்லாம் எதுக்கு அண்ணி என்றார். கொட்டகையின் மூலையில் ஒரு நீலக் கார் நின்றது. அது எங்கள் மருந்துக்கடைக்காரருடைய கார் என்பது எனக்குத் தெரியும். போன வருஷம் பேத்தி பிறந்தபோது ரிப்பேருக்கு விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். காரின் பின்சீட்டில் ஒரு பூனை நான்கு குட்டிகளோடு குடியிருந்தது. மரியாதையாகக் காபியைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு நழுவினேன்.

வெளியே வந்ததும் நாத்தனார் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, நான் வெள்ளிக்கிழமை டெஸ்டுக்குப் போகல. வார்டுலயே இருந்துக்கறேன்னு இன்னிக்கு எழுதிக் குடுத்துடறேன். என்னால உங்க வண்டியும் போச்சு, பொழப்பும் போச்சு. போதும்."

எனக்குச் சுருக்கென்றது. திட்டுவது என் சுபாவம், திட்டு வாங்கினவர்கள் திருப்பிக் கொடுப்பார்கள், கணக்கு நேராகிவிடும். இவள் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒன்பது வருஷ ஆசையை மடித்து என் கையில் கொடுக்கிறாள். சாயங்காலம் வரைக்கும் எதுவும் எழுதிக் கொடுக்காதே, அந்த ஆம்புலன்ஸ் அண்ணனுக்கு போன் போடு என்றேன்.

ஆம்புலன்ஸ்காரர் ஒரு நொடி யோசிக்கவில்லை. கேள்வியிடம் போங்கள் என்றார். ஆளுடைய பட்டப்பெயரே அதுதானாம். நின்றால் உயிர் போகிற வண்டியை ஓட்டுகிறவர் யாரிடம் போகிறாரோ அவரிடம்தான் நாங்களும் முதலிலேயே போயிருக்க வேண்டும். இதைத்தான் நேற்று சாயங்காலம் இவள் சொன்னாள் என்பது ஞாபகம் வந்தது. வராத மாதிரி இருந்துகொண்டேன்.

கேள்வியின் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வண்டி நிற்கத்தான் இடம். தரை பெருக்கியிருந்தது, ஸ்பானர்கள் சுவரில் அளவு வாரியாகத் தொங்கின. ஐம்பது வயசு இருக்கும், மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். நான் போனதுமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: கியர்பாக்ஸ் போய்விட்டது, இரண்டு கடையில் உறுதி செய்துவிட்டார்கள், காரணம் மாணவியின் கால், வியாழக்கிழமைக்குள் வண்டி வேண்டும். அவர் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், நான் அங்கேயே சரி என்றிருப்பேன்.

அவர் தலையாட்டவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தார். முதலில் சத்தம் வந்ததா, வாசனை வந்ததா? என்ன வாசனை, ரப்பரா, காகிதமா? கிளட்ச்சை மிதித்தால் சத்தமா, விட்டால் சத்தமா? ஏற்றத்திலா, சமதரையிலா? நான் பதில் சொல்லச் சொல்ல எழுதினார். நாத்தனார் வாயைத் திறந்தபோது நான் குறுக்கே பாய்ந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க கொஞ்சம் இருங்கம்மா. ஓட்டினவங்க சொல்லட்டும்."

பதினோரு வருஷத்தில் என்னை யாரும் அப்படி உட்காரவைத்ததில்லை. பிறகுதான் தெரிந்தது, பானெட்டைத் திறக்கும் முன்னால் அந்த வண்டியைத் தினமும் ஓட்டுகிறவர் எப்படி ஓட்டுகிறார் என்று கூட உட்கார்ந்து பார்ப்பது அவர் வழக்கம். எங்களை எப்போதும் போல உட்காரச் சொன்னார். நாத்தனார் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். அவர் பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் இடையில் தலையை நீட்டிக்கொண்டார். வண்டி முனகிக்கொண்டே தெருவை ஒரு சுற்றுச் சுற்றியது. நான் வழக்கம் போல, மெதுவா, திரும்பு, கண்ணாடியைப் பாரு என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"டீச்சரம்மா," என்றார் அவர், "உங்க இடது கால் எங்க இருக்கு?"

குனிந்து பார்த்தேன். என் பக்கத்து கிளட்ச்சின் மேல் இருந்தது. சும்மா இல்லை, இரண்டு விரற்கடை அமுங்கியும் இருந்தது. இப்போதுதான் வைத்தேன் என்றேன். சரி, இன்னொரு சுற்று போவோம் என்றார். காலை எடுத்துத் தரையில் ஊன்றி வைத்தேன். மூன்றாவது திருப்பத்தில் சந்தேகம் வந்து மறுபடி குனிந்தேன். கால் கிளட்ச்சின் மேலேயே இருந்தது. நான் அனுப்பவில்லை. அதுவாகப் போயிருக்கிறது. பின்சீட்டில் இருந்தவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முகத்தில் அசடு வழிந்தது. வழிந்ததை மறைக்கக் கோபப்பட்டேன். பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்குத் தெரியாதா என்றேன்.

"பதினோரு வருஷமா வச்சிருக்கீங்க, அதனாலதான் உங்களுக்கே தெரியல," என்றார் சாதாரணமாக. "கியர்பாக்ஸுக்கு ஒண்ணுமே ஆகலைன்னு நினைக்கிறேன். தேஞ்சது கிளட்ச் தட்டு. நாளைக்குக் கழட்டும்போது வந்து நின்னு பாருங்க. நான் சொன்னது தப்புன்னா அப்படியே மூடிக் குடுத்துடறேன்."

புதன்கிழமை போய் நின்று பார்த்தோம். என்ஜின் சுற்றுவதைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோக நடுவில் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. கிளட்ச்சை விட்டால் அது இறுக்கிப் பிடிக்கும், மிதித்தால் பிடியை விடும். இரண்டு பெடலும் ஒரே தட்டைத்தான் இழுக்கின்றன. பெடலில் எப்போதும் ஒரு கால் அமுங்கிக் கிடந்தால் பிடித்தும் பிடிக்காமலும் உரசி உரசியே தட்டு தேய்ந்துபோகும். அவர் என் கையில் கொடுத்த தட்டு வழவழவென்று இருந்தது, ஓரமெல்லாம் கருகிப்போயிருந்தது. கியர்பாக்ஸுக்குள் டார்ச் அடித்து ஒவ்வொரு பல்லாகக் காட்டினார். என் பற்களைவிட நன்றாக இருந்தன. இந்தப் பாடத்தை நான் மாணவர்களுக்குப் படம் வரைந்து நடத்துகிறேன் என்பதை அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

யோசித்துப் பார்த்தேன். கியர்பாக்ஸ் என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். அவர் மாற்றியதாகச் சொல்லியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பேன். அதை விட்டுவிட்டு, நாத்தனாரை வைத்துக்கொண்டே தப்பு உன் கால் மேல் என்று சொல்ல ஒரு மெக்கானிக்குக்கு என்ன தலையெழுத்து? அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை நம்பினேன். நம்பினேனே தவிர, அன்று முழுக்க அவரைப் பிடிக்கவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது நாத்தனாரிடம் நேராகச் சொல்லிவிட்டேன். "தப்பு என் மேலதான். நடுரோட்டுல வச்சு உன்னைப் பேசினது ரொம்பப் பெரிய தப்பு. மன்னிச்சுடு." அவள் நின்றாள், என் இடது காலைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள். பஸ் வந்தது, போனது, இன்னொரு பஸ் வந்தது. சிரிப்பு நிற்கவில்லை. அண்ணன்கிட்ட சொல்லலாமா அண்ணி என்றாள். சொன்னால் ஃபிரிட்ஜுக்குள்ளேயே உன்னை வைத்துப் பூட்டிவிடுவேன் என்றேன். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் நானே சொல்லித் தொலைத்தேன்.

வியாழக்கிழமை வண்டி வந்தது. வெண்ணெய் மாதிரி கியர் விழுந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏற்றத்துக்குப் போனோம். கால் சொன்ன பேச்சைக் கேட்காது என்று தெரிந்துவிட்டதால், செருப்பைக் கழட்டிவிட்டு இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டேன். ஆபத்து என்றால் கை பிரேக் என் கைக்கெட்டும் தூரம்தான்.

நாத்தனார் கிளட்ச்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகி நின்றது. மறுபடி விட்டாள். மறுபடி ஆஃப். ஐந்தாவது முறையும் அப்படியே. என்னோடு ஓட்டும்போது ஒருநாள்கூட ஆஃப் ஆகாத வண்டி.

ஏழாவது முறை நின்றபோது எனக்கு விளங்கியது. அவள் கிளட்ச்சைச் சட்டென்று விடும்போதெல்லாம் என் கால் அதைப் பாதியில் தாங்கிப் பிடித்திருக்கிறது. வண்டி அலுங்காமல் கிளம்பியிருக்கிறது. அவளும் தனக்கு வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். டெஸ்டில் என் சீட்டில் வேறொருவர் காலை மடக்கி உட்கார்ந்திருப்பார். தாங்க யாரும் இல்லை, வண்டி நின்றுவிடும். மூன்று முறையும் அதுதான் நடந்திருக்கிறது. பயம் என்று நான் சொன்னதெல்லாம் சுத்தப் பொய். மறைக்காமல் அவளிடம் சொன்னேன்.

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு என் வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"மூணு தடவை அண்ணி. ஒவ்வொரு தடவையும் வார்டுல எல்லாரும் என்னாச்சுன்னு கேட்டாங்க. எனக்குத் தைரியம் இல்ல, நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு நானே நம்பிட்டேன். இப்ப பேசாம உக்காருங்க. காலை மேல வச்ச மாதிரி வாயையும் எடுத்து மேல வச்சுக்கங்க. நானே பழகிக்கறேன்."

வைத்துக்கொண்டேன். மூன்று மணி நேரம். அவள் காலணியைக் கழட்டிவிட்டு வெறும் காலால் மிதித்துப் பார்த்தாள், பிடிக்கிற இடம் எங்கே இருக்கிறது என்று அங்குலம் அங்குலமாகத் தேடினாள். முப்பது முறையாவது நின்றிருக்கும். இப்படி, அப்படி என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியில் காக்கைகளை எண்ணினேன். நாலு மணிக்கு மேல் வண்டி நிற்பது குறைந்தது. ஐந்தரைக்கு ஏற்றத்தின் பாதியில் நிறுத்தி, நிதானமாகக் கிளம்பி மேலே போய்ச் சேர்ந்தாள். கீழே இறங்கி வந்து மறுபடி போனாள். 

வெள்ளிக்கிழமை காலை டெஸ்ட் மைதானத்தின் வேலிக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே விடமாட்டார்கள். என் வீட்டுக்காரர் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். துடைக்க அங்கே ஃபிரிட்ஜ் இல்லாததால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதிகாரி ஏறி என் சீட்டில் உட்கார்ந்தார். எட்டுப் போட்டாள், ரிவர்ஸ் எடுத்தாள், எல்லாம் சரி. ஏற்றத்துக்கு வந்தாள். பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். கிளம்பினாள். வண்டி குலுங்கியது. ஆஃப் ஆகிவிட்டது.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது; எதைக் கத்துவது? ஒரு முறை நின்றால் மன்னிப்பு உண்டு, இரண்டாவது முறை நின்றால் இறங்க வேண்டியதுதான். வண்டி அசையாமல் நின்றது. அவள் அவசரப்படவில்லை. தலை சற்றே குனிவதும் பிறகு நிமிர்வதும் தெரிந்தது. என்ஜின் சத்தம் கேட்டது. ஒரு கையகலம்கூடப் பின்னால் உருளாமல் வண்டி மெல்ல முன்னால் நகர்ந்தது. மேலே போய், சிக்னல் போட்டு, திரும்பி இறங்கியது.

கையில் தாளோடு வந்தாள். பாஸ். வீட்டுக்காரர் அவளைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, இடுப்பு பிடித்துக்கொள்ள, இறக்கிவிட்டார். நான் கட்டிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

"பயந்துட்டியா?" என்றேன்.

"ஆஃப் ஆனதும் பயந்தேன். அப்புறம் இது நான் ஓட்டற வண்டி, நான்தான் கிளப்பணும்னு தோணிச்சு. இத்தனை நாளா ரெண்டு பேர் ஓட்டினோம் அண்ணி. இன்னிக்குத்தான் நான் ஓட்டினேன்."

அவள் சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் சீட்டில் ஏறினாள். நான் வழக்கம் போல அவள் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தேன். அங்கே அண்ணன் உட்காரட்டும் என்றாள். சொந்த வண்டியின் பின்சீட்டில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. ஏறி உட்கார்ந்தேன், கதவைச் சாத்தினேன். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் லைசென்ஸ் தாளைக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.